எட்டாம் வகுப்பு ஆன்லைன் பாடத்துக்குள்ளேயே டிஜிட்டல் குடிமையையும் சேர்த்து நடத்துவது எப்படி?

கரும்பலகை கேட்டது:

வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி, எட்டாம் வகுப்பு, சமூக அறிவியல், 42 பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் மாலை 7 மணிக்கு 40 நிமிடம் கூகுள் மீட்டில் வகுப்பு. வீட்டுப்பாடம் கூகுள் ஃபார்ம் வழியாக, அறிவிப்பெல்லாம் வாட்ஸ்அப் குழுவில். முக்கால்வாசி வீடுகளில் ஒரே போன்தான்.

டிஜிட்டல் குடிமைக்கென்று (இணையத்தைப் பொறுப்போடும் பாதுகாப்பாகவும் பயன்படுத்துவது) தனியாக ஒரு பீரியடு ஒதுக்கி, "பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, பொய்ச் செய்தியைப் பரப்பாதே" என்று பேசிவிட்டுப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாடத்தோடு சேர்ந்தே வர வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது இடிக்கிற இடங்கள் நான்கு. மீட்டில் வருகிற பெயர்களை வைத்து யார் என் மாணவர், யார் வெளியாள் என்று தெரிவதில்லை. நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவதில் டிரைவ் நிரம்புகிறது. இணையத்திலிருந்து பத்தி பத்தியாக அப்படியே ஒட்டுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் பெண் பிள்ளைகள் வீட்டு எண்கள் எல்லோருக்கும் தெரிகின்றன.

எங்கிருந்து தொடங்கலாம்?

---

தாழ்ப்பாள் எழுதியது:

பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் உங்கள் பக்கத்து அமைப்புகளைச் சரிசெய்யுங்கள் டீச்சர். ஆசிரியர் அனுப்பும் லிங்க் எப்படி இருக்கிறதோ, அதுதான் பிள்ளைகள் பார்க்கிற முதல் பாடம். வகுப்பு மதிப்பெண் பட்டியலை "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று வைத்துக் குழுவில் போட்டுவிட்டு, மறுநாள் அந்தரங்கம் பற்றிப் பேசினால் எடுபடாது.

முதலில் மீட். கூட்டத்தை காலண்டரில் உருவாக்கி, பிள்ளைகளின் மின்னஞ்சல்களை அழைப்பில் சேருங்கள். உள்ளே போனதும் ஹோஸ்ட் கன்ட்ரோல்ஸ் திறந்து ஹோஸ்ட் மேனேஜ்மென்ட்டை ஆன் செய்யுங்கள். ஸ்கிரீன் பகிர்வதை நிறுத்துங்கள். பிள்ளை பேச வேண்டிய நேரத்தில் மட்டும் திறந்துவிடலாம். மீட்டிங் ஆக்சஸ் "ஓபன்" என்று இருந்தால் லிங்க் கிடைத்தவர் யாரும் கதவைத் தட்டாமலே வந்துவிடுவார். "டிரஸ்டட்" என்று மாற்றினால், அழைப்பில் இல்லாதவர் அனுமதி கேட்டு வெளியே நிற்பார்.

பெயர்ச் சிக்கல் ஏன் வருகிறது என்றால், மீட் காட்டுவது கூகுள் கணக்கின் பெயரை. அப்பாவின் கணக்கில் நுழைந்தால் "முருகன் டீ ஸ்டால்" என்றுதான் வரும். கணக்கில் நுழையாமல் வருபவர் எந்தப் பெயரையும் தட்டச்சு செய்யலாம், உங்கள் மாணவி பெயர் உட்பட. அதனால் முதல் வகுப்பிலேயே ஒரு தாளில் "கணக்கில் உள்ள பெயர் – மாணவர் பெயர் – வரிசை எண்" என்று 42 வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத பெயர் தட்டினால், அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுமதியுங்கள். "ஏன் மிஸ் உடனே விடல?" என்று கேட்பார்கள். அப்போது அடுத்தவர் பெயரில் வருவது பற்றி மூன்று நிமிடம் பேசுங்கள். தனி பீரியடு வேண்டாம் என்றீர்களே, அதற்கான இடம் இதுதான்.

வகுப்பு முடிகிறபோது சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இரண்டு வழி காட்டும்: நீங்கள் மட்டும் வெளியேறுவது, எல்லோருக்கும் அழைப்பை முடிப்பது. முதலாவதை அழுத்திவிட்டுப் போனால் 42 பிள்ளைகள் மேற்பார்வையில்லாமல் அதே அறையில் இருப்பார்கள். எப்போதும் இரண்டாவது.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, சாதாரணக் குழுவில் எண்களை மறைக்க வழியே இல்லை. குழுவை விட்டுவிட்டு ஒரு கம்யூனிட்டி தொடங்கி, அதன் அறிவிப்புக் குழுவை மட்டும் பயன்படுத்துங்கள். அங்கே ஒரு பெற்றோரின் எண் அட்மினுக்கும், ஏற்கெனவே அந்த எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கும் மட்டும்தான் தெரியும். கம்யூனிட்டிக்குள் துணைக்குழுக்கள் தொடங்காதீர்கள். துணைக்குழுவில் சேர்ந்தவர்களுக்கு எண்கள் மறுபடி தெரிய ஆரம்பித்துவிடும்.

ஃபார்மில் ஒரு பொறி இருக்கிறது. செட்டிங்ஸில் "முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டு" என்பது ஆன் ஆகியிருந்தால், பதில் அனுப்பிய ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய பதில்களையும் படிக்கலாம். வீட்டில் எத்தனை போன், அப்பா என்ன வேலை என்றெல்லாம் கேட்கிற படிவத்தில் இது பெரிய தவறாகிவிடும். அனுப்பும் முன் இன்னொரு கணக்கிலிருந்து நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

---

ஒளிநகல் எழுதியது:

டிரைவ் நிரம்புவதற்குக் கணக்கு போட்டாலே காரணம் தெரியும். போன் கேமரா படம் ஒன்று 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், 42 பேர் × 5 பக்கம் × 4 எம்பி = 840 எம்பி. ஃபார்மில் "ஃபைல் அப்லோடு" கேள்வி வைத்தால் அத்தனையும் படிவ உரிமையாளரின் டிரைவில், அதாவது உங்கள் 15 ஜிபியில் வந்து விழும். பதினெட்டாவது வீட்டுப்பாடத்தில் இடம் தீர்ந்துவிடும். அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான் என்பதால் மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும்.

கேமரா படமே வாங்காதீர்கள். கூகுள் டிரைவ் செயலியில் கூட்டல் குறியை அழுத்தி "ஸ்கேன்", பக்கங்களை வரிசையாக எடுத்து, வடிப்பானில் கறுப்பு வெள்ளை, ஒரே பிடிஎஃப்பாகச் சேமிப்பு. பக்கத்துக்குச் சில நூறு கேபிதான் ஆகும், எழுத்தும் தெளிவாக இருக்கும். ஓரத்தில் தெரிகிற வீட்டுத் தரை, பாய், தம்பியின் கால் எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கேமராவில் லொகேஷன் குறிப்பு ஆன் ஆகியிருந்தால் படத்துக்குள்ளேயே வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும்; டாக்குமென்ட்டாக அனுப்பினாலோ ஃபார்மில் ஏற்றினாலோ அப்படியே போகும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் அது கிடையாது. நீங்கள் சமூக அறிவியல் ஆசிரியர், அட்சரேகை தீர்க்கரேகை உங்கள் பாடமேதான். பள்ளி மைதானத்தில் எடுத்த ஒரு படத்தின் விவரத்தைத் திறந்து எண்களைக் காட்டுங்கள், அதே எண்களை வரைபடத்தில் போட்டுக் காட்டுங்கள். பிறகு எல்லோரும் தங்கள் கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைக்கட்டும்.

---

தரங்கம் எழுதியது:

இணையத்திலிருந்து ஒட்டும் சிக்கலுக்கு வருகிறேன். "டேனியர் வருகை பற்றிக் குறிப்பு வரைக" என்று கேட்டால் ஒட்டத்தான் செய்வார்கள். கேள்வியை மாற்ற வேண்டும்.

ஐரோப்பியர் வருகைப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து குழு: போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர். குழுவுக்கு 8 பேர் (இரண்டு குழுவில் 9). ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கூகுள் டாக், அதில் மூன்று நெடுவரிசை அட்டவணை: என்ன தகவல், எங்கே பார்த்தேன், இரண்டாவது இடத்தில் சரிபார்த்ததும் என்ன கிடைத்தது. மூன்றாவது நெடுவரிசை காலியாக இருந்தால் அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது.

பிரெஞ்சுக் குழுவுக்கு நல்ல கேள்வி: புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கால் ஊன்றியது 1673-ஆ, 1674-ஆ? இரண்டும் இணையத்தில் கிடைக்கும். தோண்டிப் பார்த்தால் அனுமதி கிடைத்த ஆண்டு ஒன்று, பிரான்சுவா மார்ட்டின் வந்து குடியேறிய ஆண்டு இன்னொன்று என்று தெரியவரும். இதை எங்கிருந்தும் ஒட்ட முடியாது, படித்தாக வேண்டும். டேனியர் குழு தரங்கம்பாடி டான்ஸ்பர்க் கோட்டையின் படம் ஒன்றை விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தொகுப்பிலிருந்து எடுக்கட்டும். 1620-ல் வந்தவர்கள் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்பதோடு, படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், பக்கத்தின் லிங்க் மூன்றும் இருக்க வேண்டும். "கூகுள் இமேஜஸ்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். கூகுள் தேடித்தான் தந்தது, படத்தை எடுத்தது வேறொருவர்.

டாக் பகிரும்போது கவனம். "லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்" என்று விட்டால், கணக்கில் நுழையாதவர்கள் "அனானிமஸ் கேபிபாரா", "அனானிமஸ் டிங்கோ" என்று விலங்குப் பெயர்களில் தெரிவார்கள். யாரோ ஒருவர் மொத்த அட்டவணையையும் அழித்துவிட்டால் யாரென்று சொல்ல முடியாது. குழுவினரின் மின்னஞ்சலை மட்டும் சேர்த்துப் பகிர்ந்தால், ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி திறந்து யார், எத்தனை மணிக்கு, எந்த வரியை எழுதினார் என்று பார்க்கலாம். அழிந்ததையும் ஒரே சொடுக்கில் மீட்கலாம். முதல் வாரத்திலேயே இந்த வரலாற்றைத் திரையில் காட்டிவிடுங்கள். தான் செய்வது பதிவாகிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்தவர் வரியில் கை வைக்காது. ஒருவரே எட்டுப் பேர் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வதும் இங்கேதான் வெளிப்படும். அந்தப் பிள்ளைக்கும் அது நியாயமில்லை, மற்ற ஏழு பேருக்கும் பயனில்லை.

தனித்தனியாகச் செய்ய வேண்டிய தாள் என்றால், டாக்கின் முகவரியில் கடைசியில் வரும் "எடிட்" என்ற சொல்லை "காப்பி" என்று மாற்றி அனுப்புங்கள் (முகவரியில் ஆங்கில எழுத்தில்). திறக்கிற ஒவ்வொருவருக்கும் சொந்தப் பிரதி கிடைக்கும், உங்கள் மூலத்தாள் தப்பிக்கும்.

பொய்ச் செய்திக்கு ஒரு பழைய உதாரணம் இன்னும் வேலை செய்கிறது. 2016 நவம்பரில் வந்த 2000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது என்று ஊரெல்லாம் பரவியது. அதைக் கொடுத்து, "அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே இருக்காதே, புதிய டேப் திறந்து ரிசர்வ் வங்கி என்ன பாதுகாப்பு அம்சங்களைச் சொல்லியிருக்கிறது என்று பார்" என்று சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழு 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களை வைத்து ஆராய்ந்தபோது, சரிபார்ப்பாளர்கள்தான் சந்தேகப் பக்கத்தைச் சீக்கிரம் விட்டு வெளியே வந்து அதைப் பற்றி மற்றவர் சொல்வதைத் தேடினார்கள். வரலாற்றாசிரியர்கள் பலர்கூட பக்கத்தின் லோகோவிலும் நேர்த்தியிலும் ஏமாந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த ஒரு பழக்கம் வந்தால் போதும். பத்து விதிகள் உள்ள சரிபார்ப்புப் பட்டியல் தேவையில்லை என்பது என் கருத்து.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

தமிழ் வகுப்பு எடுப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் இரண்டு செய்தி.

ஒன்று எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த வினாத்தாளை அப்படியே அனுப்பினால், போனில் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத போனில் போர்வை கழன்றுவிடும். படமாக மாற்றி அனுப்புவது பாதித் தீர்வு. கண் பார்வை குறைந்த பிள்ளை, திரையை வாசித்துக்காட்டும் டாக்பேக்கில் கேட்கும்போது படத்திலிருக்கும் எழுத்தை அது ஒழுங்கான எழுத்தாக வாசிக்காது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்யுங்கள், பழைய தாள்களை ஒரு மாற்றியில் போட்டு மாற்றி, கொம்பும் துணைக்காலும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். எல்லோருக்கும் எட்டுவதும் டிஜிட்டல் குடிமையில் சேர்ந்ததுதான். டிஜிட்டல் குடிமைக்கு மைக் ரிபிள் என்ற கல்வியாளர் வகுத்த ஒன்பது கூறுகளில் முதலில் வருவதே அது.

இரண்டாவது செயற்கை நுண்ணறிவு. தடை போட்டுப் பயனில்லை, சோதிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஆசிரியர் தன் கணக்கில் திரையில் திறந்து, "நட்பு பற்றி ஐந்து குறள் எண்ணோடு கொடு" என்று கேட்கட்டும். பிள்ளைகள் மூன்று சோதனை செய்யட்டும். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் இருக்கிறதா? எண் 1330-க்குள் இருக்கிறதா, அந்த எண் நட்பு அதிகாரத்தில் விழுகிறதா? நட்பு 79-வது அதிகாரம், ஆகவே 781 முதல் 790 வரை. அச்சு நூலில் அதே எண்ணில் அதே சொற்கள் உள்ளனவா? குறள் போலவே ஒலித்து எங்கும் இல்லாத வரிகளும், சரியான குறளுக்குத் தவறான எண்ணும் இந்தக் கருவிகள் தருவதுண்டு. சீர் எண்ணத் தெரிந்த பிள்ளை அங்கேயே பிடித்துவிடும். இலக்கணம் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

தரங்கம் காப்புரிமையைத் தொட்டார். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களை அதற்கு முன்பே தாராளமாகப் பயன்படுத்தலாம். வகுப்புக்குள் கற்பிப்பதற்காக ஆசிரியரும் மாணவரும் எடுத்தாள 1957 சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. அதே பக்கங்களை யூடியூபில் எல்லோருக்கும் பொதுவாக ஏற்றுவது வேறு விஷயம், அதைக் கலக்காதீர்கள்.

---

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கம்யூனிட்டி இன்றே தொடங்குகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒரு மாணவியின் படத்தை எவராவது தவறாக மாற்றிப் பரப்பினால் ஆசிரியர் முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது என்ன? அடுத்தது, சில பிள்ளைகளுக்கு 13 வயது ஆகவில்லை. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். இதை என்ன செய்வது?

---

கலங்கரை எழுதியது:

முதல் கேள்விக்கு.

அந்தப் படத்தை ஆதாரம் என்று சொல்லி உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், தலைமையாசிரியர் குழுவுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்கிறவர்கள் தவறுகிற இடம் இதுதான். ஆபாசமாக மாற்றிய படம் என்றால், 18 வயதுக்கு உட்பட்டவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி, போக்சோ ஆகியவற்றின்கீழ் வரும். வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது.

தாளில் எழுதுங்கள்: எந்தச் செயலி, கணக்கின் முழுப் பெயர், அந்தப் பக்கத்தின் முகவரி, பார்த்த தேதி, நேரம், முதலில் சொன்னவர் யார். கணக்கை பிளாக் செய்வதும் ரிப்போர்ட் செய்வதும் இதை எழுதிய பிறகு. முதலிலேயே பிளாக் செய்தால் முகவரி கைக்குக் கிடைக்காமல் போகலாம். மிரட்டல் செய்திகளை அழிக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பயத்தில் முதலில் அதைத்தான் அழிப்பார்கள்.

அடுத்து பெற்றோர், தலைமையாசிரியர். குழந்தைகள் உதவி எண் 1098. இணையத்தில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். 1930 முக்கியமாகப் பணமோசடிக்கு. மிரட்டிப் பணமும் பறித்திருந்தால் உடனே அதற்கும் அழையுங்கள். போக்சோ 19-வது பிரிவின்படி தகவல் தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். "பள்ளிப் பெயர் கெடும், உள்ளுக்குள் முடித்துக்கொள்வோம்" என்று யார் சொன்னாலும் சட்டம் அதை ஏற்காது, 21-வது பிரிவில் தண்டனை உண்டு.

படத்தை நீக்க "டேக் இட் டவுன்" என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த ஆபாசப் படங்களுக்கானது. படம் பிள்ளையின் போனிலேயே இருக்கும், அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் அனுப்பப்படும், சேர்ந்திருக்கிற தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் தனிச் செய்திகளுக்குள் அது எட்டாது.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பிள்ளையிடம் "நீ ஏன் போட்டோ போட்டாய்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி வகுப்பில் பரவினால், அடுத்த முறை எந்தப் பிள்ளையும் உங்களிடம் வராது.

---

தாழ்ப்பாள் எழுதியது:

வயதுக் கேள்விக்கு. இந்தியாவில் சொந்த கூகுள் கணக்குக்கு 13 வயது ஆக வேண்டும். கணக்கிலுள்ள பிறந்த தேதியை இப்போது உண்மைக்குத் திருத்தி, அது 13-க்குக் கீழே போனால், 14 நாளில் பெற்றோர் மேற்பார்வை சேர்க்காவிட்டால் கணக்கு முடக்கப்படும், உள்ளிருக்கும் வேலையும் போகும். ஆகவே முதலில் பாடக் கோப்புகளைப் பதிவிறக்கச் சொல்லுங்கள், பெற்றோர் தன் போனில் ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் மேற்பார்வைச் செயலியை நிறுவட்டும், பிறகு தேதியைத் திருத்தட்டும்.

நிரந்தரத் தீர்வு பள்ளியின் பெயரில் டொமைன் (இணைய முகவரி) வாங்கி, பள்ளிகளுக்கான கூகுள் கணக்குச் சேவையான ஒர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷன் கேட்பது. தகுதியுள்ள பள்ளிகளுக்கு அடிப்படைப் பதிப்பு இலவசம், டொமைனுக்கு மட்டும் ஆண்டுக் கட்டணம். கணக்குகள் பள்ளிப் பெயரில் வருவதால் "முருகன் டீ ஸ்டால்" சிக்கலும் தீரும். பெற்றோர் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டியது பள்ளியின் பொறுப்பு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்றே கொள்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில், என்ன தகவல் எதற்காக வாங்குகிறோம், எப்போது அழிப்போம் என்று இருக்கட்டும்.

ஒரே போன் வீடுகளுக்கு ஒன்று சொல்ல விட்டுப்போனது. பிள்ளை ஸ்கிரீன் பகிரும்போது அப்பாவின் வங்கி ஓடிபி மேலே பளிச்சென்று வந்து 42 பேருக்கும் தெரியும். பகிரும் முன் "டூ நாட் டிஸ்டர்ப்" ஆன், பகிர்ந்து முடிந்ததும் ஆஃப். இதைப் பெற்றோர் கூட்டத்தில் செய்து காட்டுங்கள்.

---

ஒளிநகல் எழுதியது:

டேட்டா பற்றி யாரும் சொல்லவில்லை. விநாடிக்கு 1 மெகாபிட் ஓடினால் மணிக்கு 450 எம்பி, உங்கள் 40 நிமிட வகுப்புக்கு 300 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அக்காவுக்கும் அன்றைக்கு வகுப்பு இருந்தால் வீட்டில் சண்டைதான். பிள்ளைகள் கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். பாடக் காணொளியை வகுப்பு நேரத்தில் மீட் வழியே ஓட்டாதீர்கள், திக்கித் திக்கித்தான் போகும். பாடநூலின் க்யூஆர் குறியீடு வழியே அரசின் பாடச் செயலியான தீக்ஷாவில் முன்கூட்டியே பதிவிறக்கிப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

வகுப்பைப் பதிவு செய்து வைக்க நினைத்தால், பிள்ளைகள் குரலும் பெயரும் இல்லாமல் நீங்கள் மட்டும் பேசும் 8 நிமிடப் பதிவைத் தனியாக எடுங்கள். யூடியூபில் "அன்லிஸ்டட்", கூடவே "குழந்தைகளுக்கானது" என்று குறித்தால் கருத்துப் பெட்டி தானாக மூடிவிடும்.